ஒட்டு ஆராய்ச்சிக்கும் ஒரு சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபர் போட் ரிப்பேர் பற்றிக் கதைக்கப் போற இடத்துல எல்லாம், எங்கட கிழக்கிலங்கைக் கரையில கல்லடி எண்டாலும் சரி வாழைச்சேனை எண்டாலும் சரி அக்கரைப்பற்று எண்டாலும் சரி, ஒட்டுறத ஆராயிறதுக்கெண்டே வெளிநாட்டுல ஒரு சங்கம் இரிக்கு எண்டு சொன்ன உடன ஆக்கள் கேள்வி கேக்கத் தொடங்கிடுவாங்க. வள்ளம் வச்சிரிக்கிறவங்க கேட்டது, ஓடாவிமார் கேட்டது, ஏ.எல் பிள்ளைகள் கேட்டது எண்டு எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து இதுல மறுமொழி எழுதியிரிக்கன்.

இது என்ன சங்கம்?

பேர் அட்ஹீஷன் சொசைட்டி. 1978ல அமெரிக்காவுல தொடங்கினது. ஒரு பொருள் இன்னொண்டுல ஏன் ஒட்டுது, ஏன் கழண்டு வருது, ஒட்டினது எத்தின வருசம் தாங்கும் எண்டு ஆராயிற ஆக்கள் கூடிக் கதைக்கிறதுக்கு உண்டாக்கின அமைப்பு, லாபத்துக்கு நடத்திறதில்ல. கெம்பஸ்ல படிப்பிக்கிறவங்க, கம்பனி லேப்ல வேலை செய்யிறவங்க, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்து ஆக்கள், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் இதுக்குள்ள வாறாங்க.

ஒட்டுறதுக்கெல்லாம் சங்கம் வேணுமா? பசை செய்யிற கம்பனி பாத்துக்கொள்ளாதா?

இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கிறது, நியாயமான கேள்வியும் கூட. எங்கட பக்கத்து விசயம் ஒண்டையே எடுத்துப் பாருங்க. பதினெட்டு அடி பைபர் போட்ல எஞ்சின் பூட்டுற பின்பலகை இரிக்கே, உள்ளுக்கு பிளைவுட், வெளிய பைபர், ரெண்டு மூணு மாரி போனா கனக்க போட்ல அந்தப் பலகையும் பைபரும் பிரிஞ்சு நடுவால தண்ணி ஊறும். பைபருக்குப் பூசி இறுக விடுற ரெசின வித்த கடைக்காரர் வேலை பிழை எண்டுவார், வேலை செஞ்சவர் ரெசின் கள்ள ரெசின் எண்டுவார், பக்கத்துல நிக்கிறவர் எஞ்சின் பாரம் கூடிப் போச்சு எண்டுவார். மூணு பேரும் சொல்றதுல கொஞ்சம் கொஞ்சம் உண்மை இரிக்கலாம், ஆனா பிரிஞ்சு வந்த அந்தத் துண்டக் கையில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கிற ஆள் ஒருத்தரும் இல்ல.

ஆராய்ச்சி உலகத்துலயும் ஒட்டு எண்ட விசயம் இப்பிடித்தான் கன காலம் கிடந்தது. பசைக்குள்ள என்ன இரிக்கு எண்டு பாக்கிறவர் இரசாயனக்காரர். தொடுற இடத்துல மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல என்ன விசை எண்டு பாக்கிறவர் பௌதிகக்காரர். எவ்வளவு பாரத்துக்கு உடையும் எண்டு கணக்குப் போடுறவர் எஞ்சினியர். இவங்க மூணு பேரும் வேற வேற கூட்டத்துக்குப் போவாங்க, வேற வேற ஜேர்னல் வாசிப்பாங்க, ஒரே கழண்ட மூட்டப் பத்தி மூணு விதமாக் கதைப்பாங்க. கம்பனிக்காரங்களுக்கு எல்லாத்தையும் விடக் கூடுதலாத் தெரியும், ஆனா தொழில் இரகசியம் எண்டு வெளிய விடமாட்டாங்க. அதால ஒட்டு எல்லாருக்கும் வேணும், ஆனா ஒருத்தருக்கும் சொந்தமில்லாத பாடமாப் போச்சு. இந்த ஆக்கள ஒரே மண்டபத்துக்குள்ள கொண்டுவந்து இருத்திறது தான் சங்கத்துட வேலை, என்னைக் கேட்டா அதுதான் அது செஞ்ச பெரிய காரியமும்.

இது எங்க இருந்து தொடங்கினது?

சங்கம் 1978, ஆனா கதை அதுக்கு கன காலத்துக்கு முந்தினது. 1805ல இங்கிலாந்துல தோமஸ் யங் எண்டவர் ஒரு திரவத் துளி திண்மத்துல எந்தக் கோணத்துல குந்தும் எண்டு எழுதினார், ஏ.எல் பௌதிகத்துல வாற தொடுகைக் கோணம் இதுதான். 1869ல பிரான்ஸ்ல டுப்ரே எண்டவர் ஒட்டின ரெண்டு பரப்பப் பிரிக்க எவ்வளவு வேலை செய்ய வேணும் எண்டதுக்கு ஒரு கணக்குக் குடுத்தார். இது ரெண்டும் இண்டைக்கும் அத்திவாரம், ஆனா அந்தக் காலத்துப் பசைத் தொழிலுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, அங்க எலும்பு காய்ச்சி, பால் திரிச்சு, மாக் கிண்டிப் பசை செஞ்சு கொண்டிருந்தாங்க.

நிலைமைய மாத்தினது விமானம். ரெண்டாம் உலக யுத்தத்துல மொஸ்கிட்டோ எண்ட பிரித்தானிய விமானத்த மரத்தாலயே ஒட்டிச் செஞ்சாங்க, முதல்ல பாலில இருந்து எடுக்கிற பசை, ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் அது நிக்காது எண்டு மறுகா செயற்கை ரெசினுக்கு மாத்தினாங்க. அதே காலத்துல கேம்பிரிட்ஜ் பக்கத்துல டக்ஸ்ஃபோர்ட்ல நோர்மன் டி புரூய்ன் எண்டவர் 1941ல ரீடக்ஸ் எண்ட ஒட்டக் கொண்டு வந்தார், திரவ ரெசினப் பூசி அதுக்கு மேல பொலிமர் தூளத் தூவி சூட்டோட அமத்திறது. உலோகத்தையும் உலோகத்தையும் ஆணி இல்லாம ஒட்டி அத வானத்துல பறக்க விடலாம் எண்டு காட்டினது அதுதான். அதுக்குப் பிறகு ஒட்டு கடதாசி வேலையோட நிக்கிற சாமான் இல்ல, கழண்டா ஆள் சாகும். அப்பதான் ஏன் பிடிக்குது எண்ட கேள்விக்கு உயிர் வந்தது.

மறுகா 1950கள் 60கள்ல அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி நிலையத்துல ஸிஸ்மன் எண்டவர் ஒவ்வொரு திண்மத்துலயும் எந்தெந்தத் திரவம் பரவும், எது துளியா நிக்கும் எண்டு வரிசையா அளந்தார். பெல் லேப்ல ஷார்ப், ஷோன்ஹோர்ன் எண்ட ரெண்டு பேரும் ஒரு வித்தியாசமான விசயத்தக் காட்டினாங்க, எனக்கு இந்தப் பாடத்துல சரியான விருப்பமான பரிசோதனை இது: பொலித்தீனுக்கு மேல அரல்டைட் மாதிரி எப்பொக்சிப் பசைய ஊத்திக் காயவிட்டா லேசாக் கழண்டு வரும், ஆனா ஏற்கனவே காஞ்ச எப்பொக்சிக்கு மேல பொலித்தீன உருக்கி ஊத்தினா இறுக்கிப் பிடிக்கும். சாமான் ரெண்டும் அதேதான், எது திரவமா வந்து மற்றதுக்கு மேல பரவுது எண்டது தான் வித்தியாசம். அதே காலத்துல பிக்கர்மன் எண்டவர், ஒட்டு தொடுற கோட்டுலயே பிரியிறது இல்ல, பரப்புல இரிக்கிற மெல்லிசான நோஞ்சான் படை ஒண்டு தான் உடையுது எண்டு நிண்டார். இந்த வாக்குவாதம் வருசக் கணக்கா ஓடினது. இப்பிடி வாக்குவாதம் ஓடுறதுக்கு ஒரு நிரந்தர இடம் வேணும் தானே. 1969ல ஜேர்னல் ஒஃப் அட்ஹீஷன் வெளிவந்தது, ஷார்ப் தான் தொடங்கி வச்ச ஆசிரியர். ஒன்பது வருசம் கழிச்சு சங்கம்.

சங்கம் உண்மையில என்ன செய்யும்?

வருசத்துக்கு ஒருக்கா பெரிய கூட்டம், அனேகமா பெப்ரவரி மாசத்துல. கூட்டத்துக்கு முன்னால புதுசா வாறவங்களுக்கு அடிப்படைப் பாடமும் நடத்திறாங்க. உள்ளுக்குப் பிரிவு பிரிவா நடக்கும்: விமானம், கார் மாதிரிப் பாரம் தாங்கிற ஒட்டு ஒரு பக்கம், டேப் மாதிரி அமத்தினா ஒட்டுற மென்மையான பசை இன்னொரு பக்கம், உயிருள்ள சாமான் எப்பிடி ஒட்டுது எண்டது வேறொரு பக்கம், தூசி மாதிரித் துணிக்கை ஒட்டுறதும் ஆராய்ச்சி தான்.

விருதும் குடுக்கிறாங்க. ரொபர்ட் பற்றிக் எண்டவர் இந்தப் பாடத்துக்கு அந்தக் காலத்துலயே பல தொகுதியாப் புத்தகம் தொகுத்த ஆள், அவர்ட பேரால மூத்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு கௌரவம் இரிக்கு. அக்ரன் பல்கலைக்கழகத்துல றப்பர ஆராஞ்ச அலன் ஜென்ட்ட பேரால மாணவர் கட்டுரைக்குப் பரிசு. மாணவர மேடையில ஏத்தி, வயசு போன பேராசிரியர்மாரக் கேள்வி கேக்க விடுற வழக்கம் நல்ல வழக்கம், எங்கட பக்கத்துக் கூட்டங்கள்லயும் இது வர வேணும் எண்டு எனக்கு ஆசை.

வேற நாட்டுல இப்பிடி இல்லையா?

இரிக்கு. ஜப்பான்ல 1960கள்லயே தொடங்கிட்டாங்க, பிரித்தானியாவுலயும் இரிக்கு. எல்லாருமாச் சேந்து நாலு வருசத்துக்கு ஒருக்கா உலக மாநாடும் வச்சாங்க, 1998ல ஜேர்மனில கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹன்ல முதலாவது, 2006ல பீஜிங், 2014ல ஜப்பான்ல நாரா எண்டு போனது.

சங்கம் பசை விக்குமா? இந்தப் பசை நல்லம் எண்டு சேர்ட்டிபிக்கட் குடுக்குமா?

இல்ல. பசை விக்கிறதும் இல்ல, பிராண்டுக்கு முத்திரை குத்திறதும் இல்ல. சோதிக்கிற முறைக்கு நியமம் வைக்கிறது ஏ.எஸ்.டி.எம், ஐ.எஸ்.ஓ மாதிரி வேற நிறுவனங்கள். கடையில யாராவது அந்தச் சங்கம் அங்கீகரிச்ச ஒட்டு எண்டு சொல்லி வித்தா வாங்காதீங்க.

ஒட்டும்போது உள்ளுக்கு என்ன தான் நடக்குது?

ஒரே விடை இல்ல, நாலைஞ்சு விசயம் சேந்து நடக்குது. முதலாவது, பசை திரவமாப் பரவி பரப்போட நல்லாத் தொட வேணும். குளத்துத் தாமரை இலையில தண்ணி உருண்டு ஓடுறத எல்லாரும் கண்டிரிப்பீங்க, இலை தண்ணியத் தொட விடுறதில்ல. தொடாத இடத்துல ஒட்டும் இல்ல. நல்லாத் தொட்டா மூலக்கூறுகளுக்கு நடுவுல வந்தர்வாலிசு விசை வேலை செய்யும், ஒவ்வொண்டும் சின்ன விசை, ஆனா எண்ணிக்கை பெரிசு. சில இடத்துல இரசாயனப் பிணைப்பே உண்டாகும். மரம், சீமெந்து மாதிரித் துவாரம் உள்ளதுல பசை உள்ளுக்குப் போய்க் காஞ்சு பூட்டு மாதிரிப் பிடிக்கும். பஞ்சர் ஒட்டுற நேரம் சொலுசன் பூசின றப்பரும் பெட்ச்சும் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்து போகும், அதால தான் சொலுசனப் பூசி கொஞ்ச நேரம் காயவிட்டு ஒட்டுறது.

அதுக்குப் பிறகு பசை திண்மமாக வேணும், பாரத்தத் தாங்க வேணும், பாரம் வாற திசையும் முக்கியம். ஒட்டின ரெண்டு பலகைய நீளப் பக்கமா இழுத்துப் பாருங்க, ஆள் தொங்கினாலும் நிக்கும். அதே பலகையட நுனியில உளியக் குடுத்துக் கிளப்பினா வந்திரும், ஏன் எண்டா முழுப் பரப்பும் தாங்க வேண்டிய பாரத்த அந்த ஒரு கோடு மட்டும் தாங்குது. 1971ல ஜோன்சன், கெண்டல், றொபர்ட்ஸ் எண்ட மூணு பேர், மென்மையான ரெண்டு பொருள் தொட்டா தொடுற பரப்பு எவ்வளவு, இழுத்துப் பிரிக்க எவ்வளவு விசை எண்டு சமன்பாடு எழுதினாங்க. பரப்புட இரசாயனத்தையும் எஞ்சினியர்ட விசைக் கணக்கையும் ஒரே வரியில கொண்டுவந்த வேலை அது, இண்டைக்கும் இந்தத் துறையில எல்லாரும் பாவிக்கிறாங்க.

பிளாஸ்டிக் வாளி உடைஞ்சா சுப்பர் குளூ ஏன் பிடிக்குதில்ல?

வாளியும் பேசினும் அனேகமா பொலித்தீன் இல்லாட்டி பொலிபுரொப்பிலீன். மேற்பரப்பிழுவிசை, அதாவது திரவம் தன்னைத் தானே துளியா இழுத்துப் பிடிக்கிற விசை, எவ்வளவு வரைக்கும் இருந்தா ஒரு பரப்புல பரவும் எண்டு ஸிஸ்மன் அளந்ததுல பொலித்தீன்ட பெறுமானம் சென்டிமீற்றருக்கு 31 டைன், டெஃப்லோன் 18, தண்ணிட மேற்பரப்பிழுவிசை 72. சுருக்கமாச் சொன்னா, பரப்புட பெறுமானத்த விடக் கூடின இழுவிசை உள்ள திரவம் அதுல பரவாது, துளியா நிக்கும். எப்பொக்சி 40ஐ விடக் கூட, அதால வாளியில நிம்மதியாப் பரவாது. சுப்பர் குளூவும் காஞ்ச பிறகு தோல் மாதிரி உரிஞ்சு வரும். தொழிற்சாலையில நெருப்புச் சுவாலைய மேலால ஓட்டியோ மின் பொறி விட்டோ பரப்ப மாத்திப் போட்டுத்தான் பொலித்தீன்ல மை அடிக்கிறது, ஒட்டுறது. வீட்டுல வாளி உடைஞ்சா சூடாக்கி உருக்கி ஒட்டுறது நல்லம்.

ஹாட்னர் கூடப் போட்டா இன்னும் இறுக்கமாப் பிடிக்குமா?

இல்ல, இதக் கொஞ்சம் நிதானமா வாசிங்க, ஏன் எண்டா எங்கட பக்கத்துல கூடுதலா நடக்கிற பிழை இதுதான், காரணமும் இரிக்கு: ரெண்டு வேற வேற சாமானுக்கு ஒரே பேரச் சொல்றம்.

போட் வேலைக்கு எடுக்கிற பொலியெஸ்டர் ரெசினுக்கு விடுற ஹாட்னர் ஒரு தொடக்கி மட்டும் தான். ரெசின்ல நூத்துக்கு ஒண்டு ரெண்டு பங்கு விட்டாக் காணும், அது தாக்கத்தத் தொடக்கி விடும், ரெசின் தன்னோட தானே பிணைஞ்சு இறுகும். கூட விட்டா சூடு ஏறி வெடிச்சுக் கோடு விழும், வெயில் நேரத்துல பேசினுக்குள்ளேயே கட்டியாப் போகும். குறைய விட்டா நாள் கணக்கா ஒட்டிக் கொண்டு கிடக்கும், ஒரு நாளும் முழுசா இறுகாது.

அரல்டைட் மாதிரி எப்பொக்சிட ஹாட்னர் அப்பிடி இல்ல. அது பிணைப்புல பாதிப் பங்காளி, ரெசின் மூலக்கூறு ஒவ்வொண்டுக்கும் சோடி சேர ஹாட்னர் மூலக்கூறு வேணும். ரெண்டு டியூப் அரல்டைட்டுல பாதிக்குப் பாதி எண்டு போட்டிருந்தா பாதிக்குப் பாதி தான். கூட விட்டா சோடி இல்லாத ஹாட்னர் மிஞ்சி உள்ளுக்கு இறுகாம மென்மையா நிண்டு தண்ணிய இழுக்கும், குறைய விட்டா ரெசின் மிஞ்சிரும். பொலியெஸ்டர் பழக்கத்துல எப்பொக்சிக்கும் ரெண்டு சொட்டு விடுற ஆக்கள் இரிக்காங்க, அது ஒரு நாளும் காயாது. எப்பொக்சிய அளந்து கலங்க, நிறம் ஒண்டாகும் வரைக்கும் பேசின்ட ஓரத்தையும் அடியையும் வழிச்சுக் கலக்குங்க.

பொலியெஸ்டர் ஹாட்னரோட இன்னொரு கவனம்: அது கண்ணுல பட்டா பார்வையே போகலாம், கண்ணாடி போடாமத் தொடாதீங்க. கோபால்ட் வேகம் கூட்டி தனியா வாங்கினா ரெண்டையும் நேர நேர ஒரே பாத்திரத்துல ஊத்தக் கூடாது, வெடிக்கும். ஒண்ட ரெசின்ல நல்லாக் கலக்கின பிறகு தான் மற்றது.

பழைய பைபருக்கு மேல புதுசு போட்டா ஏன் தகடா உரிஞ்சு வருது?

பழைய பைபர் எப்பவோ இறுகி முடிஞ்சிது, புது ரெசினோட சேர அதுல இரசாயனக் கை மிச்சமில்ல. அதுக்கு மேல மெழுகுப் படை, உப்பு, மீன் எண்ணெய், எஞ்சின் ஒயில். பிக்கர்மன் சொன்ன நோஞ்சான் படை இதுதான். முதல்ல நல்ல தண்ணியில உப்பக் கழுவிக் காயவிடுங்க. மறுகா அசிட்டோனால துடைங்க, தேய்க்கிறதுக்கு முன்னாலயே துடைக்க வேணும், இல்லாட்டி மெழுகையும் ஒயிலையும் தேச்சு உள்ளுக்கு ஏத்திறது தான் நடக்கும். அதுக்குப் பிறகு மினுமினுப்பு முழுக்கப் போய் கண்ணாடி நார் வெளியத் தெரியும் வரைக்கும் கிரைண்ட் பண்ணுங்க. தூசியத் தட்டி, சுத்தமான வேற துணியால திரும்பத் துடைச்சு, அசிட்டோன் பறந்து போக விட்டு அண்டைக்கே கண்ணாடி நார் மெட்டப் போடுங்க.

சுத்தமா எண்டு பாக்க ஒரு லேசான வழி, கிரைண்ட் பண்ணின இடத்துல கொஞ்சம் தண்ணி விட்டுப் பாருங்க. மெல்லிசாப் பரவி நிண்டா சரி, அங்க இங்க துளியாக் கூடினா இன்னும் எண்ணெய் இரிக்கு. பாத்த பிறகு நல்லாக் காயவிட வேணும், அவசரப்பட்டா அந்தத் தண்ணியே வினையாப் போகும்.

கழண்ட துண்டப் பாத்து என்ன தெரிஞ்சு கொள்ளலாம்?

கனக்க. பின்பலகைக் கதைக்கே திரும்பி வாங்க. பிரிஞ்ச பைபர்ட உள் பக்கம் மினுமினுப்பா, மரத்துட வரி மட்டும் அச்சுப் போட்ட மாதிரி இரிக்கா? அப்ப அது ஒரு நாளும் ஒட்டல்ல, மரம் ஈரமா இருந்திரிக்கும் இல்லாட்டி எண்ணெய் பட்டிரிக்கும். பைபரோட மர நார் பிஞ்சு வந்திரிக்கா? ஒட்டு தன்ட வேலையச் செஞ்சிரிக்கு, மரம் தான் தோத்திரிக்கு, ஊறி மெலிஞ்சிரிக்கும். ரெண்டு பக்கத்துலயும் ரெசின் படை கிடக்கா? ரெசினே நடுவால உடைஞ்சிரிக்கு, கலவையப் பாருங்க. ஆராய்ச்சி லேப்லயும் முதல் வேலை இதுதான், அங்க நுணுக்குக்காட்டியால பாக்கிறாங்க, எங்களுக்குக் கண்ணும் கை லென்ஸும் காணும். துண்ட வாவிக்குள்ள எறிய முதல் ஒரு படம் எடுத்து வைங்க.

பெரிய விபத்து ஏதும் ஒட்டால நடந்திரிக்கா?

நடந்திரிக்கு. 1988 ஏப்ரல் 28ல ஹவாயில அலோஹா எயார்லைன்ஸ் விமானம் ஒண்டு பறந்து கொண்டிருக்கக்க கூரைத் தகடு பெரிய துண்டாப் பிச்சுக் கொண்டு போனது, பணிப்பெண் ஒருத்தர் இறந்தார். அது பழைய போயிங் 737. தகடும் தகடும் மேல்மடியிற இடத்துல ஒட்டும் ரிவெட்டும் சேந்து பாரத்தத் தாங்கிற மாதிரிச் செஞ்சது, ஒட்டு குளிர்ல வச்சு எடுத்துப் போடுற வகை, எடுக்கக்க ஈரம் படிஞ்சா பிடிக்காது. ஒட்டு விட்ட இடத்துக்குள்ள உப்புக் காத்து போய்த் துரு ஏற, பாரம் முழுக்க ரிவெட்டுத் துளைக்கு வந்து வெடிப்பு ஓடினது. தீவுக்குத் தீவு பறக்கிற விமானம், நாள் முழுக்கக் கடல் காத்து. காத்தான்குடியில இருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரையில தகடும் இரும்பும் பாவிக்கிற எல்லாருக்கும் அந்த உப்புக் காத்தத் தெரியும்.

2006 ஜூலை 10ல அமெரிக்காவுல பொஸ்டன் நகரத்துச் சுரங்கப் பாதையில கொங்கிரீட் கூரைப் பலகை கார் ஒண்டுக்கு மேல விழுந்து ஒரு பெண் இறந்தார். கூரையத் தூக்கிப் பிடிச்ச போல்ட்டுகள எப்பொக்சியால தான் கொங்கிரீட்டுக்குள்ள பூட்டியிருந்தாங்க. பாவிச்ச எப்பொக்சி கெதியாக் காயிற வகை, சோதிக்கிற அண்டைக்குப் பாரம் தாங்கும், ஆனா நிரந்தரமா ஒரே பாரத்துல தொங்கினா மெல்ல மெல்ல இழுபட்டு வரும். ஒட்டினதுக்கு அடுத்த நாள் இழுத்துப் பாத்து சரி எண்டுற பழக்கம் ஏன் காணாது எண்டதுக்கு இதவிட உதாரணம் வேணாம். தலைக்கு மேல தொங்கிற எதையும் ஒட்ட மட்டும் நம்பிப் பூட்ட வேணாம் எண்டு மேசன்மாருக்கு நான் சொல்றதும் இதால தான்.

நல்ல ஒட்டெல்லாம் தற்செயலாக் கண்டுபிடிச்சது தானே, ஆராய்ச்சி எதுக்கு?

தற்செயல் உண்மை தான். சுப்பர் குளூ 1942ல ஹரி கூவர் எண்டவர் வேற வேலைக்குத் தேடக்க வந்தது, எல்லாத்துலயும் ஒட்டுது எண்டு தள்ளி வச்சிட்டாங்க, 1951ல திரும்பக் கண்ணுல பட்டு 1958ல கடைக்கு வந்தது. போஸ்ட் இட் கடதாசிட பசை 1968ல 3எம் கம்பனியில ஸ்பென்சர் சில்வர் செஞ்சது, அரைகுறையா ஒட்டிக் கழட்டினா கழண்டு வாற பசை, 1974ல ஆர்ட் ஃப்ரை எண்டவர் புத்தக அடையாளத்துக்குப் பாவிக்கலாம் எண்டு யோசிச்சார், 1980ல அமெரிக்கா முழுக்க வித்தாங்க. ஆனா கவனிங்க, கண்டதுக்கும் பாவிச்சதுக்கும் நடுவுல எத்தின வருசம் சும்மா போயிரிக்கு. ஏன் ஒட்டுது எண்டு விளங்கியிருந்தா அந்த வருசங்கள் மிஞ்சியிருக்கும். சுப்பர் குளூ காத்துல, பரப்புல இரிக்கிற ஈரத்தால தான் இறுகுது எண்டு இப்ப தெரியும், அதால தான் மூடிய இறுக்காம வச்சா எங்கட பக்கத்து ஈரத்துல போத்தலோட கல்லாப் போகுது.

பல்லி சுவர்ல நிக்கிறதும் இந்தப் பாடத்துக்குள்ள வருமா?

வரும், ஏ.எல் பிள்ளைகளுக்கு இதுல தான் கூட ஆசை. பல்லிட காலடியில பசை ஒண்டும் இல்ல. இலட்சக் கணக்கான நுணுக்கமான மயிர், ஒவ்வொரு மயிர்ட நுனியும் திரும்ப நூத்துக் கணக்காப் பிரியும், அவ்வளவும் சுவரக் கிட்டத் தொடுறதால வந்தர்வாலிசு விசை சேந்து ஆளத் தூக்குது. 2000ல கெலர் ஓட்டம் எண்டவர்ட குழு ஒரேயொரு மயிர்ட விசைய அளந்து காட்டினாங்க. காலக் கோணம் மாத்தித் தூக்கினா உடன விட்டிரும், அதால தான் பல்லி ஓடவும் ஏலும்.

கடல் சிப்பி இன்னொரு அதிசயம். நாங்க ஈரத்துல ஒட்டாது எண்டு தலையில கை வைக்கிறம், அது தண்ணிக்குள்ளயே கல்லுல ஒட்டிக் கிடக்குது. 1981ல ஹேபர்ட் வெயிட் ஆக்கள் நீலச் சிப்பிட ஒட்டுப் புரதத்துல டோப்பா எண்ட பகுதி கூட இரிக்கு எண்டு கண்டுபிடிச்சாங்க, அது பரப்புல இரிக்கிற தண்ணிய விலத்திக் கல்லப் பிடிக்குது. இதப் பின்பற்றி ஈரமான உடம்புக் காயத்த ஒட்டுற பசை செய்யிற முயற்சி உலகம் முழுக்க நடக்குது. கல்லடிப் பாலத்துத் தூண்ல ஒட்டிக் கிடக்கிற சிப்பியப் பாத்து இந்தக் கேள்வியக் கேட்ட பிள்ளைக்கு நான் சொன்னது, அத வச்சே ஒரு பட்டம் முடிக்கலாம்.

எங்கட பழைய ஆக்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

கைக்குத் தெரியும். விளாம்பிசின ஊறப் போட்டுக் கடதாசி ஒட்டினாங்க, சோத்துப் பசையில பட்டம் கட்டினாங்க. சோத்துப் பசை கடதாசியில ஏன் நல்லாப் பிடிக்குது எண்டா ரெண்டும் ஒரே குடும்பம், மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலி, ஐதரசன் பிணைப்பால ஒண்டையொண்டு பிடிக்கும், தண்ணி பட்டா அந்தப் பிணைப்பத் தண்ணி எடுத்துக் கொள்ளும். அவங்க செஞ்சதுக்கு எழுத்து இல்லாமப் போச்சு, அதுதான் எனக்குக் கவலை.

மாரி காலத்துல ஒட்டு வேலை செய்யக் கூடாதா?

ஏலுமெண்டா தள்ளிப் போடுங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மரம் காத்துல இருந்தே தண்ணிய இழுக்கும், கண்ணுக்குக் காஞ்ச மாதிரித் தெரியும். தள்ளிப் போட ஏலாட்டி கூரைக்குக் கீழ, மத்தியானத்துக்குக் கிட்ட, எப்பொக்சியால செய்யுங்க, ஈர மரத்துல பொலியெஸ்டர விட அது நல்லாப் பிடிக்கும்.

இலங்கையில இதப் படிக்க வழி இரிக்கா?

ஒட்டு எண்ட பேர்ல பட்டம் தேடாதீங்க, பக்கத்து வாசலால போங்க. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துல பொருள் விஞ்ஞான எஞ்சினியரிங் துறை இரிக்கு. கிட்ட வேணுமெண்டா வந்தாறுமூலைல கிழக்குப் பல்கலைக்கழகத்துல இரசாயனம், ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல எஞ்சினியரிங் பீடம். றப்பர் பக்கம் ஆசை உள்ளவங்களுக்கு அகலவத்தையில றப்பர் ஆராய்ச்சி நிலையம், அதுட தொடக்கம் 1909, தோட்டக்காரங்க சேந்து ஒரு இரசாயனக்காரர வேலைக்கு வச்சதுல இருந்து வளந்தது. தொழில் செய்யிறவங்க காசு போட்டு ஆராய்ச்சிக்காரரக் கூப்பிட்ட கதை எங்கட நாட்டுலயே இரிக்கு, கடற்தொழில் சங்கங்களும் யோசிக்கலாம்.

பள்ளிக்கூடத்துல செஞ்சு பாக்க ஒரு செய்முறை சொல்லுங்க சேர்

ஐஸ்பழக் குச்சி ஒரு கட்டு வாங்குங்க. ரெண்டு குச்சிய நுனிக்கு நுனி ஒரே அளவு மேல்மடிச்சு ஒட்டுங்க, மேல்மடிப்பு எல்லாத்துலயும் ஒண்டா இரிக்க வேணும். ஒரு கூட்டத்த அப்பிடியே, ஒரு கூட்டத்த சாண்ட் பேப்பரால தேச்சு, ஒரு கூட்டத்துல சமையல் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசித் துடைச்சு ஒட்டுங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் பாதிய காயவச்சு, பாதிய வாவித் தண்ணியில ஒரு கிழமை ஊறப் போடுங்க. மறுகா ஒரு நுனியக் கட்டித் தொங்கவிட்டு மற்ற நுனியில வாளியக் கொழுவி மணலக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, விழுந்த உடன வாளிய நிறுத்துப் பாருங்க. ஒரு வகைக்கு ஒரு சோடி காணாது, ஒவ்வொரு வகையிலயும் அஞ்சாறு சோடியாவது செய்யுங்க, ஏன் எண்டா ஒரே மாதிரி ஒட்டின ரெண்டு சோடியே வேற வேற பாரத்துல விழும். எவ்வளவு பாரம் எண்டு எழுதின பிறகு குச்சிய எறியாம பிரிஞ்ச பரப்பப் படம் எடுத்து, மினுமினுப்பா, மர நார் வந்திரிக்கா, பசை நடுவால உடைஞ்சிரிக்கா எண்டு பக்கத்துல எழுதுங்க. வாளி விழுற இடத்துல கால வைக்காதீங்க.